வாடகை வீட்டுக்குச் சாமான் வாங்கும் முன்: வாசகர் கேள்வி பதில்

சொந்த வீட்டை வாடகைக்கு விடும் வாசகர்களிடமிருந்து அண்மையில் வந்த கடிதங்கள் பெரும்பாலும் ஒரே கவலையைச் சொல்கின்றன. கட்டில், பீரோ, மேசை, நாற்காலியோடு வீட்டை விடலாமா, விட்டால் கையைக் கடிக்காமல் அதை எப்படிச் செய்வது என்பதே அந்தக் கவலை. ஒரே மாதிரியான கடிதங்களைச் சேர்த்து, எட்டுக் கேள்விகளாக்கிப் பதில் எழுதியிருக்கிறேன்.

கேள்வி: இரண்டு படுக்கையறை கொண்ட என் வீடு காலியாக இருக்கிறது. சாமான் போட்டுவிட்டால் வாடகை ஐந்தில் ஒரு பங்கு கூடும், இரண்டே ஆண்டுகளில் போட்ட பணம் திரும்பிவிடும் என்று தரகர் உறுதியாகச் சொல்கிறார். நம்பி இறங்கலாமா?

பதில்: தரகர் போட்ட கணக்கில் காலியாகக் கிடக்கும் மாதங்கள் விட்டுப்போயிருக்கின்றன. அவற்றையும் சேர்த்துப் பார்ப்போம்.

காலி வீட்டின் மாத வாடகையை 100 என்று வைத்துக்கொள்வோம். சாமானோடு விட்டால் 120 கிடைக்கிறது, சாமானுக்கு 480 செலவாகிறது. மாதம் 20 கூடுதலாக வருவதால் 24 மாதங்களில் முதல் திரும்பிவிடும் என்பது அவர் கணக்கு. ஆனால் சாமான் போட்ட வீட்டைத் தேடி வருபவர்கள் யார் என்று யோசித்துப் பாருங்கள். குறுகிய காலப் பணிக்கு வந்தவர்கள், படிக்க வந்தவர்கள், மாற்றலாகி வந்து குடும்பத்தை இன்னும் அழைத்துக்கொள்ளாதவர்கள் ஆகியோரே பெரும்பாலும் அப்படிப்பட்ட வீட்டை விரும்புகிறார்கள். வந்த வேலை முடிந்ததும் அவர்கள் புறப்பட்டுவிடுவார்கள். சொந்தச் சாமானை வண்டியில் ஏற்றிக்கொண்டு வந்து குடியேறியவரோ, மறுபடியும் அத்தனையையும் கட்டித் தூக்க வேண்டுமே என்பதற்காகவாவது சில ஆண்டுகள் இருந்துவிடுவார்.

மூன்று ஆண்டுகளை, அதாவது 36 மாதங்களை எடுத்துக்கொள்ளுங்கள். காலி வீட்டில் ஒருவரே தொடர்ந்து இருந்து, ஆள் தேடிய ஒரு மாதம் மட்டும் வாடகை வராமல் போனால், 35 மாதங்களுக்கு 3,500 கிடைக்கும். சாமான் போட்ட வீட்டில் ஆண்டுக்கு ஒருமுறை ஆள் மாறி, ஒவ்வொரு முறையும் ஒரு மாதம் பூட்டிக் கிடந்தால், 33 மாதங்களுக்கு 3,960 கிடைக்கும். வித்தியாசம் 460. நீங்கள் போட்டதோ 480. மூன்று ஆண்டுகள் ஓடியும் முதல் திரும்பவில்லை. இதில் பழுதுச் செலவையும், ஆள் மாறும்போதெல்லாம் வீட்டைத் துடைத்துக் கழுவும் கூலியையும் நான் இன்னும் சேர்க்கவே இல்லை. அதே வீட்டில் சாமானோடு குடிவந்தவர் மூன்று ஆண்டும் தங்கிவிட்டால் 4,200 வரும், வித்தியாசம் 700 ஆகும். ஆகவே இலாபமா நட்டமா என்பதை மாத வாடகையைவிட, வருகிறவர் எவ்வளவு காலம் தங்குவார் என்பதுதான் அதிகமாகத் தீர்மானிக்கிறது.

இனி, செலவைப் பாதியாக்கிப் பாருங்கள். 240 மட்டும் செலவிட்டு, வாடகையும் 115தான் கிடைக்கிறது என்றால், ஆண்டுதோறும் ஆள் மாறினாலும் 33 மாதங்களில் 3,795 வரும். காலி வீட்டைவிட 295 கூடுதல். போட்ட 240 போக 55 மிஞ்சுகிறது. இதனால்தான் முழுச் சாமான் வீட்டைவிட, அளவான சாமான் போட்ட வீட்டையே நான் எப்போதும் பரிந்துரைக்கிறேன். உங்கள் வீட்டைச் சுற்றி இருப்பவை பெரும்பாலும் குடும்பங்களா, தனியாக வேலைக்கு வந்தவர்களா என்பதை முதலில் விசாரியுங்கள். குடும்பங்கள் என்றால், சுவரோடு இணைந்த அலமாரிகள், விளக்குகள், திரைச்சீலைக் கம்பிகள் ஆகியவற்றோடு நிறுத்திக்கொண்டு, மற்ற இடத்தை அவர்களுக்கே விட்டுவிடுங்கள்.

கேள்வி: ஓய்வூதியத்தில் வாழ்கிறேன். சாமான் வாங்க ஒதுக்கக்கூடிய தொகை மிகச் சிறியது. எதை முதலில் வாங்குவது, எதைத் தள்ளிப்போடுவது?

பதில்: அம்மா, கடைக்குப் போவதற்கு முன் ஒரு மாலை நேரத்தில் அந்த வீட்டுக்குள் போய், குடிவருகிறவராக உங்களை நினைத்துக்கொண்டு அரைமணி நேரம் இருந்து பாருங்கள். மாற்றுத் துணியை எங்கே வைப்பது, எங்கே உட்கார்ந்து சாப்பிடுவது, இரவில் படித்துவிட்டு எழுந்திருக்காமல் விளக்கை எப்படி அணைப்பது, ஈரத் துண்டை எங்கே மாட்டுவது என்று ஒவ்வொன்றாகத் தோன்றும். அந்த அரைமணியில் எழுதும் பட்டியல், கடைக்காரர் தரும் எந்தப் பட்டியலையும்விட உங்களுக்குப் பயன்படும்.

என் வரிசையைக் கேட்டால் வெளிச்சத்தை முதலில் வைப்பேன். இருண்ட அறையில் எவ்வளவு நல்ல கட்டிலைப் போட்டாலும் அது பழையதாகவே தெரியும். பழைய 60 வாட் குண்டு பல்பின் வெளிச்சத்தை 9 வாட் எல்.இ.டி. பல்பு தந்துவிடுகிறது, ஆகவே இதில் கஞ்சத்தனம் தேவையில்லை. ஒரே அறையில் ஒரு விளக்கு மஞ்சளாகவும் மற்றொன்று நீலம் பாய்ந்த வெண்மையாகவும் எரிவது கண்ணை உறுத்தும். அட்டைப்பெட்டியில் 2700 அல்லது 3000 கெல்வின் என்றிருந்தால் இளமஞ்சள், 4000 என்றிருந்தால் நடுத்தர வெண்மை, 6500 என்றிருந்தால் பகல் போன்ற வெண்மை. படுக்கையறைக்கு முதல் வகையையும், சமையலறைக்கு இரண்டாம் வகையையும் வாங்கலாம்.

அடுத்தது சுவரும் சன்னலும். துடைத்தால் கறை போகும் வகை வண்ணத்தை வீடு முழுவதற்கும் ஒரே நிறத்தில் பூசி, அந்த நிறத்தின் எண்ணை ஒரு தாளில் குறித்து வைத்துக்கொண்டால், பின்னால் ஒரு சுவரில் கீறல் விழும்போது அந்தச் சுவரை மட்டும் சரிசெய்தால் போதும். திரைச்சீலையின் மொத்த அகலம், கம்பியின் நீளத்தைப்போல ஒன்றரை மடங்கிலிருந்து இரண்டு மடங்கு வரை இருந்தால்தான் மடிப்பு விழும். விலையைக் குறைக்க வேண்டுமானால் துணியின் தரத்தை ஒரு படி குறைத்துக்கொள்ளுங்கள், அகலத்தைக் குறைக்காதீர்கள்.

பொருள் வைக்கும் இடம் மூன்றாவது. கட்டில் இல்லாத வீட்டில் தரையில் மெத்தை விரித்துப் படுத்துவிடலாம், துணி வைக்க இடமில்லாத வீட்டிலோ ஒரு மாதத்துக்குள் எல்லா அறையும் மூட்டைகளால் நிறைந்துவிடும். துணி மாட்டும் அலமாரிக்கு உள்ளே ஏறத்தாழ 55 முதல் 60 செ.மீ. ஆழம் வேண்டும், குறைந்தால் ஹேங்கரின் முனை கதவில் இடிக்கும். அதற்குப் பிறகு கட்டில், பிறகு ஒரு மேசையும் இரண்டு நாற்காலிகளும். மேசையின் உயரம் 75 செ.மீ., நாற்காலி இருக்கையின் உயரம் 45 செ.மீ. என்ற அளவில் இருந்தால், அதே மேசை சாப்பிடவும் படிக்கவும் கணினி வைத்து வேலை செய்யவும் உதவும். ஒருவர் கை விரித்துச் சாப்பிட 60 செ.மீ. அகலம் வேண்டும் என்பதை வைத்து மேசையின் நீளத்தை முடிவு செய்யுங்கள்.

சோபா, டீப்பாய், காட்சி அலமாரி, சுவர்ப்படங்கள், தரைவிரிப்பு இவற்றையெல்லாம் தள்ளிப்போடலாம். தரைவிரிப்பை வாங்கவே வேண்டாம் என்பது என் கருத்து. அதைச் சுத்தம் செய்யும் செலவு, இரண்டு குடித்தனம் மாறுவதற்குள் அதன் விலையை எட்டிவிடும்.

எதை வாங்கும் முன்னும் அதன் நீள அகலத்துக்குப் பழைய செய்தித்தாள்களை ஒட்டித் தரையில் விரித்து, கதவு திறக்கிறதா, கட்டிலைச் சுற்றி நடக்க 60 செ.மீ. வழியாவது இருக்கிறதா என்று பாருங்கள். வாசற்கதவின் அகலத்தையும் மாடிப்படித் திருப்பத்தையும் அளந்துகொள்ளுங்கள். படியில் திரும்பாத பீரோவை ஆள் வைத்துக் கயிறு கட்டி ஏற்றும் செலவு, மலிவாக வாங்கியதில் மிச்சப்பட்ட பணத்தை ஒரே நாளில் விழுங்கிவிடும்.

கேள்வி: தச்சர் பிளைவுட்தான் வேண்டும் என்கிறார். கடையிலோ பார்ட்டிகிள் போர்டில் செய்த பீரோவைப் பாதி விலைக்குத் தருகிறார்கள். பார்க்க இரண்டும் ஒன்றாகவே தெரிகின்றன. வாடகை வீட்டுக்கு எது போதும்?

பதில்: மேலே ஒட்டியிருக்கும் லேமினேட் ஒன்றாக இருப்பதால் இரண்டும் ஒன்றுபோலத் தெரிகின்றன. உள்ளே இருப்பது வேறு வேறு. மரத்தை மெல்லிய ஏடுகளாகச் சீவி, ஒரு ஏட்டின் இழை நீளவாக்கிலும் அடுத்ததன் இழை குறுக்குவாக்கிலும் வருமாறு ஒற்றைப்படை எண்ணிக்கையில் அடுக்கி ஒட்டியது பிளைவுட். இழைகள் ஒன்றையொன்று பிடித்துக்கொள்வதால் அது எளிதில் வளையாது, திருகாணியையும் இறுகப் பிடிக்கும். மரத்துண்டுகளையும் தூளையும் பிசினோடு கலந்து அழுத்திச் செய்தது பார்ட்டிகிள் போர்டு. மரத்தை நாராக அரைத்து அழுத்தியது எம்.டி.எஃப். அது வழவழப்பாக இருப்பதால் வண்ணம் பூச ஏற்றது, ஆனால் கனம் அதிகம்.

பார்ட்டிகிள் போர்டுக்கு இரண்டு பகைகள். ஒன்று தண்ணீர். லேமினேட் ஒட்டிய முகத்தில் தண்ணீர் பட்டால் ஒன்றும் ஆகாது. அறுத்த விளிம்பு மூடப்படாமல் இருந்தால் அதன் வழியாக ஈரம் ஏறி, பலகை உப்பி, பின் ஒருபோதும் பழைய நிலைக்குத் திரும்பாது. நான் முதன்முதலில் வாடகைக்கு விட்ட வீட்டில், குளியலறைச் சுவரை ஒட்டி இப்படிப்பட்ட ஒரு பீரோவை வைத்தேன். ஒரே மழைக்காலத்தில் அதன் அடிப்பலகை உப்பிக் கதவு மூடாமல் போயிற்று. அதில் வைத்திருந்த துணிகளில் பூசணம் பிடித்துக் குடியிருந்தவருக்கு ஏற்பட்ட இழப்பு, பீரோவின் விலையைவிட என்னை அதிகம் வருத்தியது. இரண்டாவது பகை, கழற்றிக் கழற்றி மாட்டுவது. ஒருமுறை போட்ட திருகாணியை எடுத்துவிட்டு அதே துளையில் மறுபடி போட்டால், உள்ளே தூள் உதிர்ந்து பிடிப்பு குறைந்துவிடும். குடித்தனம் மாறும்போதெல்லாம் அறை மாற்றப்படும் சாமானுக்கு இது பொருந்தாது.

ஆகவே ஒரே மரத்தில் எல்லாவற்றையும் வாங்க வேண்டியதில்லை. தண்ணீர் படும் இடமான சமையல் மேடைக்குக் கீழும் கைகழுவும் தொட்டிக்குக் கீழும் மரப்பெட்டியே வேண்டாம், துருப்பிடிக்காத எஃகுச் சட்டமோ திறந்த கல் தட்டோ போதும். அங்கே மரம்தான் வேண்டும் என்றால், பினாலிக் பிசினால் ஒட்டிய, கொதிநீரைத் தாங்கும் வகைப் பிளைவுட்டைக் கேட்டு வாங்குங்கள். யூரியா பிசினால் ஒட்டியது ஈரத்தில் ஏடு ஏடாகப் பிரிந்துவிடும். நகர்த்தப்படும் கட்டில், மேசை, நாற்காலி ஆகியவை திடமரத்திலோ இரும்பிலோ இருக்கட்டும். இரும்பு வாங்கும்போது கேஜ் எண் கூடக் கூடத் தகடு மெலிகிறது என்பது நினைவிருக்கட்டும். 18 கேஜ் ஏறத்தாழ 1.2 மி.மீ. கனம், 22 கேஜ் அதில் மூன்றில் இரண்டு பங்கைவிடச் சற்றுக் குறைவு. உலர்ந்த படுக்கையறைச் சுவரில் நகராமல் நிற்கும் பீரோவுக்குப் பார்ட்டிகிள் போர்டு தாராளமாகப் போதும். எல்லா விளிம்பிலும் பட்டை ஒட்டப்பட்டிருக்கிறதா என்று கதவின் அடிப்பக்கம் வரை விரலால் தடவிப் பாருங்கள். அது தரையிலிருந்து 10 செ.மீ. உயரமுள்ள கால்களில் நிற்கட்டும், சுவருக்கும் அதற்கும் இடையே இரண்டு விரல் இடைவெளி இருக்கட்டும். அதன் 18 மி.மீ. தட்டு 75 செ.மீ.க்கு மேல் தாங்கல் இல்லாமல் நீண்டால், புத்தகக் கனத்தில் நடுவே தொய்ந்துவிடும்.

இன்னும் ஒன்றை அழுத்திச் சொல்ல வேண்டும். இந்தப் பலகைகளை ஒட்டும் பிசின்களில் பலவற்றிலிருந்து பார்மால்டிஹைடு என்ற வாயு வெளிவரும். உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை 2004இல் இதை மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்கும் பொருள்களின் வரிசையில் சேர்த்தது. புதிய சாமானின் கதவுகளையும் இழுப்பறைகளையும் திறந்து வைத்து, சன்னல்களையும் திறந்துவிட்டு, நெடி அடங்கிய பிறகே ஆளைக் குடிவையுங்கள். குழந்தை உள்ள குடும்பம் வருகிறதென்றால் இதில் அவசரமே கூடாது. உயரமான பீரோவைச் சுவரோடு இரும்புப் பட்டையால் பிணைப்பதையும் மறவாதீர்கள். இழுப்பறைகளைப் படியாக்கிக் குழந்தை ஏறும்போது பீரோ மேலே சாய்ந்தால் நேரும் விபத்து உயிரைப் பறிக்கக்கூடியது.

கேள்வி: எங்கள் வீட்டில் கழித்துப் போட்ட சாமான்கள் நிறைய இருக்கின்றன. அவற்றை வாடகை வீட்டுக்குக் கொண்டுபோகலாமா? பழைய சாமான் கடையில் வாங்குவதும் சரிதானா?

பதில்: பழையது என்பதனால் ஒரு பொருள் மட்டமாகிவிடாது. திடமரத்தில் செய்த பழைய மேசையை இழைத்து மெருகேற்றினால், அதே விலைக்குக் கிடைக்கும் புதிய மேசையைவிடப் பல ஆண்டுகள் கூடுதலாக உழைக்கும். நான் ஒரே ஒரு அளவுகோலைத்தான் வைத்திருக்கிறேன். அந்த நாற்காலியில் உங்கள் வீட்டுக்கு வரும் விருந்தினரை உட்காரச் சொல்வீர்களா? தயங்கினால் அதை அங்கே அனுப்பாதீர்கள். மாதந்தோறும் வாடகை கொடுத்து அந்த வீட்டில் வாழ்கிறவர் உங்கள் கழிவுகளைக் காவல் காக்க வரவில்லை. அவர் வீடு திரும்பும் ஒவ்வொரு மாலையும் அந்த நாற்காலியில்தான் உட்கார வேண்டும்.

பழையதில் வாங்கவே கூடாதவை மெத்தையும் தலையணையும், துணி தைத்த சோபாவும். காரணம் மூட்டைப்பூச்சி. வளர்ந்த பூச்சி ஐந்து மி.மீ. அளவில் கண்ணுக்குத் தெரியும் என்றாலும், அதன் முட்டை ஒரு மி.மீ. அளவே இருக்கும், தையல் மடிப்புக்குள் ஒளிந்துகொள்ளும். உணவில்லாமல் பல மாதங்கள் உயிரோடிருக்கக்கூடியது என்பதால், வீட்டை ஒரு மாதம் பூட்டிவைத்தால் செத்துவிடும் என்று நம்புவது வீண். பழைய மரக்கட்டிலை வாங்கும்போது கூட, திருகாணித் துளைகளிலும் தலைமாட்டுப் பலகையின் பின்புறத்திலும் மூட்டுகளிலும் விளக்கடித்துப் பார்த்து, கரும்புள்ளிகள் இருந்தால் விட்டுவிடுங்கள். 50 டிகிரி செல்சியசுக்கு மேற்பட்ட வெப்பத்தில் பூச்சியும் முட்டையும் அழியும். ஆகவே துவைக்கக்கூடிய துணிகளை 60 டிகிரி வெந்நீரில் துவைத்தால் பயமில்லை.

மரத்தில் குண்டூசித் துளைகள் தெரிந்தால், அடியில் ஒரு வெள்ளைத்தாளை விரித்து இரண்டு நாள் விட்டுப் பாருங்கள். மாவு போன்ற தூள் உதிர்ந்திருந்தால் உள்ளே வண்டு இன்னும் குடைந்துகொண்டிருக்கிறது. உளுத்த மரம் ஒன்று வீட்டுக்குள் வந்தால், பக்கத்தில் நிற்கும் நல்ல மரத்துக்கும் கேடு வரும்.

கேள்வி: சோபா போடுவதென்றால் துணியா, ரெக்சினா?

பதில்: இரண்டுமே இல்லாமல், மரச்சட்டத்தின்மேல் தனித்தனி மெத்தைகள் வைத்த இருக்கையே வாடகை வீட்டுக்கு ஏற்றது. ரெக்சின் துடைக்க எளிது. ஆனால் சில ஆண்டுகளில் அது வெடித்து உரியத் தொடங்கினால் முழுவதையும் மாற்ற வேண்டும். தைத்து மூடிய துணிச் சோபாவில் ஒரு கறை பட்டால் அதை எடுக்க ஆள் வர வேண்டும். தனி மெத்தைக்கோ ஜிப் வைத்த உறை தைத்துவிடலாம், ஒரே துணியில் இரண்டு ஜோடி தைத்து வைத்துக்கொண்டால் ஒன்று சலவையில் இருக்கும்போது மற்றது பயன்படும், கிழிந்தால் ஒரு மெத்தையின் செலவோடு முடியும்.

உறைத்துணியை விட உள்ளே இருக்கும் ஃபோமில் பணத்தைப் போடுங்கள். அதன் அடர்த்தி ஒரு கன மீட்டருக்கு இத்தனை கிலோ என்று அளக்கப்படுகிறது. இருக்கைக்கு 32க்குக் குறையாமல், முடிந்தால் 40 அடர்த்தியில் வாங்குங்கள். கையால் அழுத்தும்போது கெட்டியாக இருப்பதை அடர்த்தி என்று எண்ணிவிடக் கூடாது. மலிவான ஃபோமையும் கெட்டியாகச் செய்ய முடியும், அது ஓராண்டில் பள்ளம் விழுந்துவிடும். கட்டில் மெத்தைக்கும் இது பொருந்தும். ஃபோம் மெத்தை போடும் கட்டிலில் பலகைச் சட்டங்களுக்கு இடையே 7 செ.மீ.க்கு மேல் இடைவெளி விட்டால் மெத்தை அதற்குள் தொய்ந்து விரைவில் கெடும். மெத்தைக்கு நீர் புகாத உறை ஒன்றை முதல் நாளே போட்டுவிடுங்கள்.

கேள்வி: குளிர்சாதனப் பெட்டி, சலவை இயந்திரம், வாட்டர் ஹீட்டர் ஆகியவற்றை வைத்தால் வாடகை கூடும் என்கிறார்கள். பழுதானால் யார் செலவு செய்வது என்பதில்தான் எனக்குக் குழப்பம்.

பதில்: நீங்கள் வைத்த இயந்திரம் இயல்பாகத் தேய்ந்து நின்றால் செலவு உங்களுடையது, தவறாகக் கையாண்டு உடைத்தால் குடியிருப்பவருடையது என்று ஒப்பந்தத்திலேயே எழுதிவிடுவது இருவருக்கும் நல்லது. பழுதைத் தெரிவித்த எத்தனை நாட்களுக்குள் ஆளை அனுப்புவீர்கள் என்பதையும் அதிலேயே எழுதுங்கள். அவ்வளவு பொறுப்பை ஏற்கத் தயாராக இல்லை என்றால், அந்த இயந்திரத்தை வைக்காமல் வாடகையைக் குறைத்துக்கொள்வதே நேர்மை. வீட்டில் நிற்கும் ஓடாத குளிர்சாதனப் பெட்டி குடியிருப்பவருடைய இடத்தையும் அடைத்துக்கொண்டு, சொந்தமாக ஒன்று வாங்கவும் விடாமல் செய்கிறது.

வைப்பதென்றால் செயல்பாடு குறைந்த எளிய வகையைத் தேர்ந்தெடுங்கள். தொடுதிரையும் பத்துப் பன்னிரண்டு சலவை முறைகளும் உள்ள இயந்திரத்தில் மின்பலகை கெட்டால் அதை மாற்றும் செலவு பெரிது. பழைய குளிர்சாதனப் பெட்டி வாங்குவீர்களானால், கதவிடுக்கில் ஒரு தாளை வைத்து மூடி இழுத்துப் பாருங்கள். தாள் தடையின்றி வந்தால் ரப்பர்ப் பட்டை தளர்ந்திருக்கிறது, மின்சாரம் வீணாகும். அதைப் படுக்கவைத்துக் கொண்டுவந்திருந்தால், நிமிர்த்தி வைத்துப் பல மணி நேரம் கழித்தே இயக்க வேண்டும், கம்ப்ரசரிலிருந்து குழாய்க்குள் ஓடிய எண்ணெய் திரும்பி இறங்க அவ்வளவு நேரம் பிடிக்கும்.

சிக்கனம் கூடாத ஓர் இடம் மின்பாதுகாப்பு. வாட்டர் ஹீட்டருக்குத் தனி மின்சுற்றும், சரியாகச் செயல்படும் எர்த்தும், 30 மில்லி ஆம்பியர் மின்கசிவிலேயே இணைப்பைத் துண்டிக்கும் ஆர்.சி.சி.பி.யும் இல்லாமல் யாரையும் குடிவைக்காதீர்கள். அந்தக் கருவியில் உள்ள சோதனைப் பொத்தானை அவ்வப்போது அழுத்திப் பார்க்கும்படி குடியிருப்பவருக்கும் காட்டிக்கொடுங்கள். சோபா வாங்கும் பணத்தை இதற்குத் திருப்ப நேர்ந்தால் தயங்காமல் திருப்புங்கள்.

கேள்வி: போன முறை குடியிருந்தவர் காலி செய்தபோது மெத்தை பாழாகியிருந்தது, இரண்டு நாற்காலிகளில் ஒன்றைக் காணவில்லை. நான் முன்பணத்தில் கழித்துக்கொண்டேன், அவர் சண்டைக்கு வந்துவிட்டார். யார் பக்கம் நியாயம்?

பதில்: நாற்காலி இருந்தது என்பதற்கும், மெத்தை நல்ல நிலையில் இருந்தது என்பதற்கும் எழுத்து ஏதாவது உங்களிடம் இருந்ததா என்று கடிதத்தில் இல்லை. இல்லையென்றால், நியாயம் உங்கள் பக்கம் இருந்தாலும் அதை நிலைநாட்ட வழியில்லை. சாமான் போட்டு வீடு விடுவோர் அனைவருக்கும் இதைக் கெஞ்சிக் கேட்டுக்கொள்கிறேன்: சாவி கைமாறும் நாளில், இருவரும் சேர்ந்து அறை அறையாக நடந்து ஒரு பட்டியல் எழுதுங்கள். "நாற்காலி 2" என்று மட்டும் எழுதினால் போதாது. "மர நாற்காலி 2, ஒன்றின் பின்கால் வெளிப்புறம் 3 செ.மீ. கீறல்" என்று இருக்கும் குறையையும் சேர்த்தே எழுத வேண்டும். குறையை எழுதுவது உங்களுக்குப் பாதகம் என்று நினைக்காதீர்கள். முன்பே இருந்த கீறலை நீங்களே எழுதிக் காட்டும்போதுதான், மற்றவற்றைப் பற்றி நீங்கள் எழுதியதையும் அவர் நம்பிக் கையெழுத்திடுவார். இயந்திரங்களின் தொடர் எண், சாவிகளின் எண்ணிக்கை, மின்மானியின் அளவு ஆகியவற்றையும் குறித்து, தேதி தெரியும்படி படம் எடுத்து, இரண்டு பிரதிகளில் ஒவ்வொரு பக்கத்திலும் இருவரும் கையெழுத்திட்டு, ஆளுக்கொன்று வைத்துக்கொள்ளுங்கள்.

இனி மெத்தைக்கு வருவோம். அதற்குப் புது விலை முழுவதையும் நீங்கள் கழித்திருந்தால், அது முறையில்லை. மெத்தை 8 ஆண்டுகள் உழைக்கும் என்று வைத்துக்கொள்ளுங்கள். 5 ஆண்டுகள் பயன்பட்ட நிலையில் அதை ஒருவர் பாழாக்கினால், உங்களுக்கு இழப்பானது மீதமிருந்த 3 ஆண்டுகள் மட்டுமே. ஆகவே விலையில் எட்டில் மூன்று பங்கைத்தான் கேட்கலாம். முதல் ஐந்து ஆண்டுகளின் தேய்மானத்துக்கு ஏற்கெனவே வாடகை வாங்கியிருக்கிறீர்கள். காணாமற்போன நாற்காலிக்கும் இதே கணக்குதான்.

எது தேய்மானம், எது சேதம் என்பதில் எல்லாச் சண்டையும் தொடங்குகிறது. வெயிலில் வெளுத்த திரைச்சீலை, தளர்ந்த கீல், தட்டையான இருக்கை மெத்தை, கை பட்டு மெருகு மங்கிய கதவுப்பிடி ஆகியவை தேய்மானம். சிகரெட்டோ இஸ்திரிப் பெட்டியோ சுட்ட தடம், கத்திக் கீறல், தண்ணீர் தேங்கி உப்பிய பலகை, உடைந்த கண்ணாடி ஆகியவை சேதம். குழாய் ஒழுகுவதாக அவர் சொல்லியும் நீங்கள் ஆள் அனுப்பாமல் விட்டதால் உப்பிய பலகையை மட்டும் அவர் கணக்கில் எழுதிவிடாதீர்கள், அது உங்களுடைய கணக்கு. முன்பணத்தை எவ்வளவு வாங்கலாம், எத்தனை நாட்களில் திருப்ப வேண்டும் என்ற சட்டவிதிகள் இடத்துக்கு இடம் மாறும். ஒப்பந்தம் எழுதும் முன் வழக்கறிஞரிடம் ஒருமுறை காட்டிக்கொள்வது நல்லது. உங்கள் பழைய குடித்தனக்காரரை இப்போதும் தொடர்புகொள்ள முடியுமானால், மேலே சொன்ன விகிதப்படி கணக்கிட்டு, அதிகமாகக் கழித்த தொகையைத் திருப்பி அனுப்பிவிடுங்கள்.

கேள்வி: புதிதாக வரும் குடும்பத்தார் தங்கள் சொந்தக் கட்டிலைக் கொண்டுவருகிறார்களாம். என் கட்டிலை எடுத்துக்கொள்ளச் சொல்கிறார்கள். எடுப்பதா, கட்டாயப்படுத்தி அங்கேயே விடுவதா?

பதில்: எடுத்துவிடுங்கள். சொந்தக் கட்டிலோடு வருகிறவர் நீண்ட நாள் இருக்க வருகிறார், முதல் கேள்வியில் போட்ட கணக்கின்படி உங்களுக்கு வேண்டியவர் அவர்தான். பட்டியலில் அந்த வரியை அடித்து இருவரும் சுருக்கக் கையெழுத்திடுங்கள். கட்டிலின் மூட்டுகளைக் கழற்றும்போது எந்தப் பலகை எந்தப் பக்கம் என்பதைப் பென்சிலால் எழுதி, திருகாணிகளையும் நட்டுகளையும் ஒரு துணிப்பையில் போட்டு, அந்தப் பையைக் கட்டில் காலிலேயே கட்டிவிடுங்கள். மெத்தையைச் செங்குத்தாகச் சுவரில் சாய்த்து வைத்தால் நாளடைவில் வளைந்துவிடும். உறையோடு, தரையில் படாமல், பலகைமேல் படுக்கவைத்து, அதன்மேல் வேறு சாமான் எதையும் ஏற்றாமல் வையுங்கள்.